சொந்தக்காரர் கையெழுத்து செல்லாது

எக்ஸ்பிரஸ் என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்று தெரியாது. வைத்த ஆளுக்கு நல்ல குசும்பு இருந்திருக்க வேண்டும். அந்த மேஜை விசிறித் தொழிற்சாலையில் அவரைவிட மெதுவாக நடக்கிற மனிதர் கிடையாது. ஸ்டோரில் சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, மேஜை மேஜையாகப் போய்க் கொடுப்பது அவர் வேலை. மோட்டார் ஒரு மேஜைக்கு, கம்பிக்கூண்டு அடுத்ததற்கு, இறக்கை அதற்கடுத்ததற்கு, அட்டைப்பெட்டி கடைசியில் இருக்கும் பேக்கிங் மேஜைக்கு. வண்டியின் முன்சக்கரம் ஒன்று கீச்கீச்சென்று கத்தும். எண்ணெய் விடக் கூடாதா என்று கேட்டால், "சத்தம் வந்தாத்தானே நான் வர்றது உங்களுக்குத் தெரியும்" என்பார்.

சின்ன வேலைதான். ஆனால் அந்தச் சின்ன வேலைக்குள் ஒரு ராஜாங்கமே இருந்தது. திருகாணி தீர்ந்துபோன மேஜை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் வந்தால்தான் அங்கே கை அசையும். யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்பதெல்லாம் அவர் மனசைப் பொறுத்தது. அவர் ஜோக்குக்குச் சிரிக்கிறவர்களுக்கு வண்டி சீக்கிரம் வரும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஸ்டோரில் ஆள் இல்லை, சாமான் இறங்கவில்லை, சக்கரம் மாட்டிக்கொண்டது என்று ஏதாவது ஒரு சாக்கு வரும். கம்பிக்கூண்டு மாட்டுகிற அம்மாவை எல்லோரும் கூண்டக்கா என்பார்கள். ஒருநாள் அவர், "என்ன எக்ஸ்பிரஸ், வண்டி இன்னைக்கு லேட்டா?" என்று பலர் முன்னால் கேட்டுவிட்டார். அன்று அவர் மேஜைக்குக் கூண்டு வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை போரடிக்கிற இடத்தில் நாலு பேரைச் சிரிக்க வைக்கிற ஆள் அவர். மேனேஜர் நடப்பதுபோல நடந்து காட்டுவார், கேன்டீன்காரர் கரண்டியைப் பிடிக்கிற கஞ்சத்தனத்தை அப்படியே செய்து காட்டுவார். கையில் கொஞ்சம் அதிகாரம் கிடைத்த கோமாளி, அவ்வளவுதான். கெட்டவர்களையாவது நாம் பார்த்து ஒதுங்கிக்கொள்கிறோம். இந்த மாதிரி ஆட்களைச் சிரித்துச் சிரித்து வளர்த்துவிடுகிறோம்.

அவருடைய ஒரே மகளும் அங்கேதான் பேக்கிங் மேஜையில் இருந்தாள். சேர்த்துவிட்டது அவர்தான். அவள் புருஷன் வெளியூர் வேலைக்குப் போனான். போன இடத்தில் இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டான். அவள் கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. பகலில் அதை எக்ஸ்பிரஸின் மனைவி பார்த்துக்கொள்வாள். அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மூலையில் பழைய நாற்காலி ஒன்றும், கயிற்றில் தொங்கும் ஒரு துணித் திரையும் உண்டு. பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய பெண்கள் பால் கட்டிக்கொண்டால் அங்கே போய் உட்கார்ந்து பிழிந்து பாட்டிலில் எடுத்து வைப்பார்கள். யார் கட்டிய திரையோ, காலங்காலமாக இருந்தது. அந்தச் சமயத்தில் அது தேவைப்பட்டது எக்ஸ்பிரஸின் மகள் ஒருத்திக்குத்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் இன்ஜினியர் வந்தார். உற்பத்தியை உயர்த்துவதற்கென்று தலைமை அலுவலகம் அனுப்பிய ஆள். சின்ன வயது, மரியாதையான பேச்சு, எல்லோரையும் "நீங்க" என்பார். வந்த புதிதில் ஒன்றும் செய்யவில்லை. ஒரு ஸ்டாப்வாட்சும் கையுமாக மூலையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தரையின் படத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு ஆளும் நடக்கிற வழியை அதில் கோடு கோடாகப் போட்டார். மற்றவர்களின் கோடுகள் கொஞ்சம்தான். எக்ஸ்பிரஸின் கோடு மட்டும் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி படம் முழுக்கச் சுற்றிக் கிடந்தது. அதைச் சுவரில் ஒட்டியதும் எக்ஸ்பிரஸுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, ஃபேக்டரி பூரா நான்தான்" என்று ஒவ்வொருவராக இழுத்து வந்து காட்டினார். அந்தக் கோடுகள் எல்லாம் வீண் என்று காட்டத்தான் படம் வரைந்தது என்பது அவர் மண்டையில் ஏறவில்லை.

இன்ஜினியர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். "தேடுறது வீண். காத்திருக்கிறது வீண். தேவையில்லாம நடக்கிறது வீண். விசிறி வாங்குறவர் நாம நடந்த நடைக்குக் காசு குடுக்க மாட்டார். முதல்ல இடத்தைச் சுத்தம் பண்ணுவோம். மேஜையைச் சுத்தி வேலைக்குத் தேவையில்லாத எதுவும் இருக்கக் கூடாது."

அதற்கு ஒரு முறையும் சொன்னார். தேவையா என்று சந்தேகம் வருகிற பொருள் எதுவானாலும் அதில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டப்படும். அது தேவை என்று நினைப்பவர் சனிக்கிழமைக்குள் சீட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் போடாவிட்டால் பொருள் கழிவுக் கொட்டகைக்குப் போய்விடும். இவ்வளவும் எல்லா இடத்திலும் இருக்கிற முறைதான். இந்த இன்ஜினியர் கூடுதலாக ஒன்று சேர்த்தார். தன் பொருளுக்குத் தானே கையெழுத்துப் போட்டால் ஒன்றுமே வெளியே போகாது. அதனால் அடுத்த மேஜைக்காரர்தான் போட வேண்டும். "அடுத்த மேஜைதான் உங்க வாடிக்கையாளர். உங்ககிட்ட இருக்கிற சாமான் உங்களுக்கு வேணுமான்னு நான் கேக்கலை. அவருக்கு வேணுமா?" என்றார்.

சீட்டு ஒட்டுகிற வேலையை எக்ஸ்பிரஸிடம் கொடுத்தார்கள். எல்லா மேஜைக்கும் போய் வருகிறவர் அவர்தானே. கொடுத்திருக்கவே கூடாது. சிவப்புச் சீட்டுக் கட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மனிதர் இறங்கிவிட்டார். சுவரில் மாட்டியிருந்த கைக்கண்ணாடிக்கு ஒன்று. "இந்த மூஞ்சியைத் தினம் பாக்கணுமா?" மோட்டார் மேஜைக்காரர் வைத்திருந்த சின்ன ரேடியோவுக்கு ஒன்று. டிபன் வைக்கிற பலகைக்கு ஒன்று. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு ஜோக். கூட்டம் சிரித்தது. தன் பொருளில் ஒட்டும்வரை எல்லோருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

கூண்டக்காவுக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. கூண்டு மாட்டுவது நின்று செய்கிற வேலை என்றாலும், இரண்டு கூண்டுக்கு நடுவில் கொஞ்சம் சாய்ந்துகொள்ள ஒரு மர ஸ்டூல் வைத்திருந்தார். எக்ஸ்பிரஸ் அதில் சீட்டை ஒட்டினார். அடுத்த மேஜை இறக்கை மாட்டும் மேஜை. அங்கே வேலை செய்கிறவர் கூண்டக்காவின் புருஷன். அவர் பேசாமல் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

சனிக்கிழமை இன்ஜினியர் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது எக்ஸ்பிரஸ் கூடவே வந்தார். ஸ்டூல் வந்ததும் குரலை உயர்த்தினார்.

"சார், இதுல போட்டிருக்கிறது இவங்க வீட்டுக்காரர் சார். பொண்டாட்டி ஸ்டூலுக்குப் புருஷன் கையெழுத்து. சொந்தம் சொந்தத்துக்குப் போட்டுக்கிட்டா, இது ஃபேக்டரியா கல்யாண வீடா?"

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்துவிட்டார். அப்புறம் யோசித்தார். "சரியாத்தான் சொல்றார். சொந்தக்காரர் கையெழுத்து செல்லாது" என்று சொல்லி, விதிகள் எழுதிய பலகையில் அதையும் சேர்த்து எழுதினார். ஸ்டூல் கொட்டகைக்குப் போனது. எக்ஸ்பிரஸ்தான் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். கூண்டக்கா மேஜை விளிம்பில் இடுப்பைச் சாய்த்து நின்று வேலை செய்தார். தான் சொன்னது பலகையில் விதியாக ஏறிவிட்டது என்று எக்ஸ்பிரஸ் வீட்டில் போய் மனைவியிடம் பெருமை பேசினார்.

அடுத்த வாரம் அட்டைப்பெட்டிப் பக்கம் போனபோது இன்ஜினியர் திரையைப் பார்த்தார். "அது என்ன?" என்றார். பால், பிள்ளை, மகள் என்று ஒரு வாலிபரிடம் எப்படிச் சொல்வது என்று எக்ஸ்பிரஸுக்குக் கூச்சம். சொல்லாமலாவது இருந்திருக்கலாம். சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. "தேவையில்லாத சாமான் சார்" என்று சொல்லி, நாற்காலியில் ஒன்றும் திரையில் ஒன்றும் தன் கையாலேயே சிவப்புச் சீட்டை ஒட்டினார்.

மகள் சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தேடி வந்தாள்.

"ஒட்டினது நீங்கதானே, நீங்களே எடுத்துடுங்கப்பா."

"நானே ஒட்டி நானே எடுத்தா எவன் மதிப்பான்? அவர் கேட்டா என்னன்னு சொல்றது?"

"உங்க பேத்திக்குப் பால்னு சொல்லுங்க."

"அதெல்லாம் ஒரு ஆம்பளைகிட்ட எப்படிம்மா சொல்றது? பேக்கிங்குக்கு அடுத்த மேஜை கிடையாது, யார் போட்டாலும் செல்லும். யார்கிட்டயாவது கையெழுத்து வாங்கிக்கோ. உங்க பொம்பளைங்களுக்குள்ள முடிச்சுக்கோங்க."

அவள் கூண்டக்காவிடம் போனாள். வேறு யாரிடம் போவாள்? இரண்டு பிள்ளைகளுக்கு அதே திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் எடுத்து வைத்தவர் அவர். கூண்டக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்கப்பாவைக் கேளு" என்றார். மற்றவர்களும் நழுவினார்கள். அவரவர் ரேடியோவையும் கண்ணாடியையும் நினைத்துக்கொண்டார்கள். அப்பன்மேல் இருந்த ஆத்திரத்தைப் பச்சைக் குழந்தையின் பாலில் தீர்த்துக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. சனிக்கிழமை நாற்காலியும் திரையும் கொட்டகைக்குப் போயின. அதன்பிறகு அவள் கழிப்பறையில் நின்றுகொண்டு பிழிந்தாள். அந்த நாற்றத்தில் எடுத்த பாலை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வராமல் வாஷ்பேசினிலேயே ஊற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

இடம் சுத்தமானதும் உண்மையான வேலை தொடங்கியது. நீளமாகக் கிடந்த மேஜைகளை வளைத்து நெருக்கிப் போட்டார்கள். ஸ்டோருக்கும் மேஜைகளுக்கும் நடுவில் இருந்த சுவரில் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை போட்டார்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் உருளைகள் வைத்த சரிவுத் தட்டு. ஸ்டோர்க்காரர் அந்தப் பக்கத்தில் ஒரு பெட்டி திருகாணியை வைத்தால் அது தானாக உருண்டு இந்தப் பக்கம் வந்து நிற்கும். முன்பெட்டி காலியானால் அதைக் கீழ்த்தட்டில் போட வேண்டும், அது ஸ்டோருக்கே திரும்பி உருண்டுவிடும். பின்னால் நிற்கிற பெட்டி முன்னால் வரும். காலிப்பெட்டி போய்ச் சேர்ந்தால் இங்கே என்ன தீர்ந்தது என்று அங்கே தெரிந்துவிடும். கேட்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம், யாரையும் பார்த்துப் பல்லை இளிக்க வேண்டாம்.

பொய் சொல்லக் கூடாது, விசிறிகள் மளமளவென்று வெளியே வந்தன. குனிந்து எடுத்து முதுகு பிடித்துக்கொண்டவர்களுக்கு வலி குறைந்தது. யாரும் இன்ஜினியரைத் திட்டவில்லை. மோட்டார் மேஜைக்காரர், "இத்தனை வருஷமா இந்தச் சுவத்துல ஒரு ஓட்டை போட ஒருத்தனுக்குத் தோணலையே" என்றார். எக்ஸ்பிரஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு சும்மா ஒரு சுற்று வந்தார். எந்த மேஜையும் தலையைத் தூக்கவில்லை. கீச்கீச்சென்ற சத்தம் மட்டும் அவரோடு போய்வந்தது.

புதிய படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வட்டம். எக்ஸ்பிரஸ் தன் வட்டத்தைத் தேடினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தேடினார். பிறகு இன்ஜினியரிடம் போய், "சார், நம்ம வட்டத்தை விட்டுட்டீங்க" என்று சிரித்தார்.

இன்ஜினியர் உட்காரச் சொன்னார். அதுவே கெட்ட சகுனம். "வண்டி வேலை இனி இல்லைங்க. ஆனா உங்களை உடனே அனுப்பணும்னு எனக்கு ஆசை இல்லை. எந்த மேஜையாவது கூட ஒரு ஆள் வேணும்னு உங்களைக் கேட்டா வெச்சுக்கலாம். அதே சீட்டு முறைதான். சனிக்கிழமைக்குள்ள ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க, போதும்."

அந்த வயதில் வெளியே வேறு வேலை கிடைக்காது என்று எக்ஸ்பிரஸுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கோமாளித்தனம் போகவில்லை. ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து, பொருள் என்ற இடத்தில் எக்ஸ்பிரஸ் என்று எழுதித் தன் சட்டையில் தானே குத்திக்கொண்டார். மேஜை மேஜையாகப் போனார். "சாமான் பழசுதான், ஆனா நல்லா ஓடும். யாருக்கு வேணும்?"

மோட்டார் மேஜைக்காரர் நிமிரவே இல்லை. "ரேடியோ இருந்தா பாட்டுக் கேட்டுக்கிட்டே யோசிச்சிருப்பேன்" என்றார். இறக்கை மேஜைக்காரர், "நான் போட்டா செல்லுமோ செல்லாதோ, எதுக்கு வம்பு" என்றார். விசிறியை ஓட்டிப் பார்க்கிற சோதனை மேஜையில், ஆள் கூடினால் தலைக்கு இத்தனை விசிறி என்கிற கணக்கு இறங்கிவிடும் என்று நாசூக்காகச் சொன்னார்கள். கூண்டக்கா மட்டும் அவரை நிற்க வைத்து நன்றாகப் பார்த்தார். "நீங்க வேணாம் எக்ஸ்பிரஸ். அந்த ஸ்டூல் கிடைச்சா சொல்லுங்க" என்றார். சுற்றிலும் சிரிப்பு. எக்ஸ்பிரஸும் சிரித்தார். இத்தனை வருடம் அவர் மற்றவர்களை வைத்துச் சிரிக்க வைத்த அதே கூட்டம்தான்.

பேக்கிங் மேஜைக்கு அவர் போகவில்லை. மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அல்லது தன் விதி தனக்கே ஞாபகம் வந்திருக்கும்.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் எல்லோரும் படத்துக்கு முன்னால் கூடினார்கள். எக்ஸ்பிரஸ் சட்டையில் சீட்டோடு நின்றார். சீட்டில் பெயர் இல்லை. இன்ஜினியர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அப்பா ஊர் முன்னால் அப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. திரையும் வாஷ்பேசினும் அவளுக்கு மறந்துவிடவில்லை. ஆனாலும் பெற்ற அப்பா. அவர் சட்டையிலிருந்து சீட்டைக் கழற்றி, சுவரில் வைத்துத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, திரும்ப அவர் கையில் கொடுத்தாள்.

இன்ஜினியர் சீட்டை வாங்கிப் படித்தார். முகம் மலர்ந்தது. "பேக்கிங் கேட்டிருக்காங்களா? நல்லதாப் போச்சு."

கூண்டக்கா பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். "சார், அந்தப் பொண்ணு இவருக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

இன்ஜினியர் எக்ஸ்பிரஸைப் பார்த்தார். "உங்களுக்கு உறவா?"

அங்கே இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். தெரியாதவர் இன்ஜினியர் ஒருத்தர்தான். எக்ஸ்பிரஸ் ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தார், ஒருமுறை பலகையில் இருந்த விதியைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

"உறவெல்லாம் இல்ல சார். ஒரே தெரு. தெரிஞ்ச பொண்ணு, அவ்வளவுதான்."

கூண்டக்காகூட வாயைத் திறக்கவில்லை. அந்தப் பொய்யைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட எல்லோரும் தயாராக இருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மனிதர் அவ்வளவு கீழே இறங்கிய பிறகு, மேலே ஏறி மிதிக்க யாருக்கும் கால் வரவில்லை. இன்ஜினியர் பேனாவை எடுத்துப் படத்தில் பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போடக் குனிந்தார்.

"சார்" என்றாள் மகள். "நான் அவர் பொண்ணு. சொந்தம். அந்தக் கையெழுத்து செல்லாது."

சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய் பையை எடுத்துக்கொண்டாள். நியாயத்துக்காகச் சொன்னாள் என்று பிற்பாடு சிலர் பேசிக்கொண்டார்கள். நியாயமாவது ஒன்றாவது. கழுத்துவரை கோபம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பாவுக்கு வேலை இருந்திருக்கும், அது அவளுக்குத் தெரிந்தே சொன்னாள். இன்ஜினியர் வருத்தத்தோடுதான் பேனாவை மூடினார். விதி விதிதானே, அதைச் சொல்லிக்கொடுத்தவரே எதிரில் நிற்கிறார். திங்கட்கிழமை தள்ளுவண்டி கொட்டகைக்குப் போனது. அதைத் தள்ளிக்கொண்டு போக எக்ஸ்பிரஸ் இல்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் அவர் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தாள். குழந்தை எக்ஸ்பிரஸிடம் வந்தது. மகள் அவருக்குச் சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள். அப்பா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். குழந்தை அவர் கொடுத்த புட்டிப்பாலைத் துப்பியதால், சாப்பாட்டு நேரத்தில் அவர் அதைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு நடக்க வேண்டியிருந்தது. வாசலுக்கு உள்ளே, அதை ஒட்டித்தான் கழிவுக் கொட்டகை. கூண்டக்காவின் ஸ்டூல் அங்கே கிடந்தது. மகள் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பால் கொடுப்பாள்.

கொஞ்ச நாளில் வாசலுக்குப் புதுக் காவலாளி ஒருவர் வந்தார். வெயில் கொளுத்திய நாள் அது. எக்ஸ்பிரஸ் குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கொட்டகை நிழலில் ஒதுங்கப் போனார். காவலாளி தடுத்தார்.

"சொந்தக்காரங்கன்னா உள்ள நிழல்ல நிக்கலாம். மத்தவங்க ரோட்டுலதான் நிக்கணும். இவர் உனக்கு என்னம்மா வேணும்?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். குழந்தை அதற்குள் குடிக்க ஆரம்பித்திருந்தது.

"உறவெல்லாம் இல்ல. ஒரே தெரு" என்றாள்.

எக்ஸ்பிரஸ் காவலாளியைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் சிரித்தார். பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய், குழந்தை குடித்து முடிக்கும்வரை வெயிலில் நின்றார்.